ஆர்டிஸுக்குப் பக்கத்து இடம்

தான் அறுபத்தாறு வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்ட செய்தி வெர்லின் ஸ்கோகனுக்கு ஒரு மே மாதத் திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. அப்போது அவர் கையில் ஒரு ஜெரேனியம் தொட்டி இருந்தது.

இறந்தோர் நினைவு நாள் அது. கார்வர் ஃபால்ஸில் எல்லோரும் அன்றைக்குக் கல்லறைக்குப் பூ கொண்டுபோவோம். வெர்லினும் மனைவி ஆர்டிஸுக்காகக் கொண்டுபோயிருந்தார். ஆர்டிஸ் இறந்து பதினோரு வருடமாகிறது. அப்போதே அவர் இருவருக்குமாக ஒரே கல்லை வைத்துவிட்டார். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்து வழக்கம் அது. இறந்தவருக்கு இரண்டு வருடங்களைச் செதுக்குவார்கள். இருப்பவருக்குப் பிறந்த வருடமும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும். கோட்டுக்கு அப்புறம் கல் வழுவழுப்பாகக் காத்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தன் பெயரையும் அந்த வழுவழுப்பையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் மதிய உணவு சாப்பிடுவதில் எங்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

அந்த வருடம் கோட்டுக்கு அப்புறம் 1956 என்று செதுக்கியிருந்தது.

வேலை சுத்தமாக இருந்தது. பழைய எழுத்தின் அச்சையே தேடிப் பிடித்துப் பொருத்தியிருந்தார்கள். 'வெர்லின் ஸ்கோகன், 1947 – 1956.' அதற்கு இடப்பக்கம், 'ஆர்டிஸ் ஸ்கோகன், 1950 – 2011.' கல்லின் அடியில் சிவப்புக் கம்பளிக் கையுறைகள் குவிந்து கிடந்தன. குழந்தைகள் போடுவது. எல்லாமே இடது கை.

கையுறைகள் அவருக்குப் புதிதல்ல. பல வருடமாக வெளியூர்க்காரர்கள் அவற்றை ஆற்றங்கரையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெர்லின் அவற்றைச் சாக்கில் கட்டி லூத்தரன் தேவாலயத்தின் ஏழைகள் பெட்டிக்குக் கொண்டுபோவார். வலது கை இல்லாமல் யாருக்கு என்ன பயன் என்று தேவாலயத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய அண்ணன் லேலண்ட். லேலண்ட் ஸ்கோகன் அமெரிக்காவின் பெருங்கவிஞர். இருபத்தேழாவது வயதில் 'கையுறை' என்ற இரங்கற்பாவை எழுதினார். மார்ச் மாதத்து ஆற்றுப் பனிக்கட்டியில் ஓடும் ஒன்பது வயதுத் தம்பி வெர்லின் விரிசலில் விழுகிறான். பன்னிரண்டு வயது அண்ணன் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடிக்கிறான். கை வழுக்கிப் போகிறது. கையுறை மட்டும் மிஞ்சுகிறது. நாட்டின் துக்கம் முழுவதும் ஒரு குழந்தையின் கையுறைக்குள் அடங்கிவிட்டது என்று ஒரு விமர்சகர் எழுதினார். அதன் பிறகு பரிசுகள், பள்ளிப் பாடநூல்கள், பாடம் நடத்தத் தேவையில்லாத ஒரு பேராசிரியர் பதவி, மாநிலக் கவிஞர் பட்டம், மூன்று திருமணங்கள். மூன்று மனைவியருமே அந்தத் தம்பிக்காக அழுதவர்கள். மூன்றாமவர் மாமியாரின் இறுதிச் சடங்குக்கு வந்த இடத்தில் தம்பியோடு கைகுலுக்க நேர்ந்தது. அந்த மாதமே விவாகரத்துக்கு விண்ணப்பித்தார்.

நடந்தது என்னவோ வேறு. விழுந்தது லேலண்ட். குப்புறப் படுத்து இழுத்தது வெர்லின். கையுறை தண்ணீரோடு போனது, அதுவும் வலது கை. இன்னொரு முறை பின்ன வேண்டியிருக்கிறதே என்று அம்மா இருவரையும் திட்டினாள். அவ்வளவுதான். கவிதையில் இடது கை என்று மாற்றியதற்கு, இதயத்துக்குப் பக்கம் என்று உரையாசிரியர்கள் விளக்கம் தருகிறார்கள்.

கவிதை வெளிவந்த வருடம் வெர்லின் தொலைபேசியில் கேட்டார். "அது நீ இல்லடா, வெர்ன். கவிதையில வர்ற தம்பி. உன் பேரும் அவன் பேரும் ஒண்ணாப் போச்சு, அவ்வளவுதான்," என்றார் லேலண்ட். வெர்லின் அப்போது காகித ஆலையில் நான்காம் எந்திரத்தில் இரவுப் பணியில் இருந்தார். தூக்கக் கலக்கம் வேறு. சரி என்று வைத்துவிட்டார். அந்தக் கவிதை வந்த தொகுப்பின் ஏழாம் பதிப்பு நான்காம் எந்திரத்துக் காகிதத்தில்தான் அச்சானது.

ஆலை மூடியபோது எங்கள் ஊரில் மிஞ்சியது அந்தக் கவிதைதான். கல்லூரியில் லேலண்ட் ஸ்கோகன் கவிதை மையம் வந்தது. கையுறை வடிவ பிஸ்கட், சிவப்புக் கையுறை விடுதி, மார்ச் மாதம் பிள்ளைகள் ஒரு கையை வெறுமையாக விட்டுப் பனிக்கட்டியில் ஓடும் பந்தயம், எல்லாம் வந்தன. நாங்கள் யாரும் பொய் சொல்லவில்லை. வெளியூர்க்காரர்கள் அஞ்சல் பெட்டியில் வெர்லின் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டால், "அவர் வேற ஸ்கோகன்," என்போம். எங்கள் ஊரில் ஸ்கோகன்கள் நிறைய.

வெர்லினுக்கும் இதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. ஆற்றங்கரையில் செத்தவனாக இருப்பது அவருடைய மீன்பிடிப்புக்கு இடைஞ்சலாக இல்லை. ஆனால் இந்தக் கல் வேறு விஷயம்.

முப்பத்தொரு வருடம் அவர் இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவர். அந்த நேரத்தில் ஆர்டிஸ் கட்டில் முழுவதும் பரந்து கிடப்பாள். "தள்ளிப் படு, ஆர்டிஸ்," என்பார் வெர்லின். கண்ணைத் திறக்காமலே அவள் ஒரு புரள் புரள்வாள். அவள் விட்டுப்போன இடம் சூடாக இருக்கும். சாவைப் பற்றி வெர்லின் யோசித்து வைத்திருந்தது அதைத்தான், அதற்கு மேல் எதுவும் இல்லை.

கல்லறைப் பொறுப்பாளர் கோர்டி, புல்வெட்டும் வண்டியில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். வெர்லின் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோர்டி, நான் எப்போ செத்தேன்?"

"அதப் பத்தி உனக்கு ஃபோன் பண்ணலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"கல்லு செதுக்குறதுக்கு முன்னாடி. அப்புறம் புல்லு வளந்துடுச்சு, மறந்துட்டேன்." கோர்டி எஞ்சினை அணைத்தார். "உங்கப்பா நாலு எடம் வாங்கினாரு இல்ல? பத்திரம் மூத்தவன் பேர்ல. நாலாவது எடத்த லேலண்ட் மையத்துக்கு எழுதிக் குடுத்துட்டான். தம்பி நினைவா."

"தம்பி நான்தானேடா."

"அதத்தான் சொல்றேன். உன் நினைவா."

"அப்போ நான் எங்க படுக்கிறது?"

கோர்டி தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "வேலிப் பக்கமா புதுசா ஒரு வரிசை போடுறோம். நல்ல எடம்ப்பா. காத்து வரும்."

"செத்தவனுக்குக் காத்து எதுக்கு?"

"அதுவும் சரிதான்," என்று ஒப்புக்கொண்டு கோர்டி வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் வெர்லின் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனார். இயக்குநர் டாக்டர் கான்ஸ்டன்ஸ் பெல்லமி அவரை வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். மிகவும் மரியாதையானவர். எதிரே இருப்பவர் பேசும்போது கண்களை மூடிக்கொண்டு கேட்பார். வெர்லின் உரிமத்தை மேசைமேல் வைத்தார்.

"மிஸ்டர் ஸ்கோகன், நீங்க உயிரோட இருக்கீங்கங்கறத இந்த மையம் ஒரு நாளும் மறுத்ததில்ல," என்றார் டாக்டர் பெல்லமி. "சாதாரண அர்த்தத்துல நீங்க உயிரோடதான் இருக்கீங்க. அதுல எங்க எல்லாருக்கும் சந்தோஷம். இந்தப் படம் ரொம்ப நல்லாருக்கே. இதோட நகல் ஒண்ணு குடுப்பீங்களா? காப்பகத்துல 'பிற்கால வெர்லின்'னு ஒரு பெட்டி தொடங்கலாம்."

"எனக்குப் பெட்டி வேணாம்மா. வருஷத்த எடுத்துட்டாப் போதும்."

"புரியுது. ஆனா அந்த வெத்திடம் வாசகர்கள ரொம்பப் பாதிச்சுது. போன கோடையில ஒஹையோவுலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. நாப்பது வருஷமா உங்களுக்காக அழுதவங்க. உங்க பேரு, ஒரு கோடு, அப்புறம் ஒண்ணுமில்ல. அங்கயே மயங்கி விழுந்துட்டாங்க. அந்த மாதிரி ஒருத்தங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

"நான் இன்னும் சாகலன்னு சொல்லலாமே."

டாக்டர் பெல்லமி கண்களைத் திறந்தார். "அவங்க அத எப்படித் தாங்குவாங்க?"

வெர்லின் சிறிது யோசித்தார். "என் பொண்டாட்டி பேரும் அதே கல்லுலதான் இருக்கு. நீங்க சொல்ற வருஷத்துல நான் செத்திருந்தா, அப்போ அவளுக்கு ஆறு வயசு."

"ஆமா. அது ரொம்பச் செறிவான முரண். ரெண்டு பேர் அதப் பத்தி ஆய்வு பண்ணிட்டிருக்காங்க." அவர் மேசைக்கு மேலாகச் சாய்ந்தார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். வருஷத்துக்கு நாப்பதாயிரம் பேர் உங்களுக்காக அழறாங்க. நீங்க உங்க பாட்டுக்குச் செத்திருந்தா எத்தன பேர் வருவாங்க? நாங்க உங்களுக்குச் செஞ்சது கொஞ்சநஞ்சமா?"

வெர்லின் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். கோர்டியையும் சேர்த்து ஒன்பது பேர் தேறினார்கள்.

கடைசியில் டாக்டர் பெல்லமி ஒரு வழி சொன்னார். கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும். மையத்துக்கு வரும் எந்த எழுத்தானாலும் மாணவர்களின் கவிதைப் பட்டறையில் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். வெர்லின் வீட்டுக்குப் போய் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். 'நான் உயிரோடு இருக்கிறேன். என் மனைவி ஆர்டிஸுக்குப் பக்கத்தில் படுக்க விரும்புகிறேன். தயவுசெய்து அந்த வருடத்தை எடுத்துவிட்டு இடத்தைத் திருப்பித் தாருங்கள். வருடா வருடம் ஜெரேனியம் வைக்கிறேன். இப்படிக்கு, வெர்லின் ஸ்கோகன்.'

வியாழக்கிழமை பட்டறை. நீள மேசையைச் சுற்றி முதுகலை மாணவர்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு நகலோடு. டாக்டர் பெல்லமி விதியை நினைவூட்டினார். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. இறுதியில் ஒரு நிமிடம் தரப்படும். நாட்டில் கவிதை எழுதக் கற்றுக்கொண்ட எல்லோரும் இப்படி உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

"எனக்கு அந்த ஜெரேனியம் பிடிச்சிருந்தது," என்று ஒருத்தி தொடங்கினாள். "ஆனா அது கடைசில வருது. இன்னும் ஜெரேனியம் வேணும்."

"முதல் வரி வேணாம்," என்றான் தாடி வைத்த ஒருவன். "'நான் உயிரோடு இருக்கிறேன்.' ரொம்ப நேரடியா இருக்கு. அது நமக்கா தோணணும்."

"எனக்குத் தோணல," என்றான் இன்னொருவன். "நேர்மையாச் சொல்றேன். நாலு தடவ படிச்சேன். பேசறவர் உயிரோட இருக்கார்ங்கறத இந்தப் பிரதி சம்பாதிக்கல."

எல்லோரும் தலையசைத்தார்கள். வெர்லினும் அசைத்துவிட்டு, கூடாது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"அந்த மனைவி பாத்திரம் பலவீனமா இருக்கு," என்றாள் முதலாமவள். "பேரு மட்டுந்தான் இருக்கு. அவங்க இருந்தாங்கன்னு நான் எப்படி நம்பறது?"

வெர்லின் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். டாக்டர் பெல்லமி கண்ணை மூடியபடியே ஒரு விரலை உயர்த்தினார். வெர்லின் உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம் இப்படிப் போனது. பிறகு அவருக்கான நிமிடம் வந்தது. பன்னிரண்டு முகங்களும் கனிவோடு திரும்பின.

"என் எடம்?" என்று கேட்டார் வெர்லின்.

அந்த நிமிடத்தில் நன்றி மட்டும்தான் சொல்வது வழக்கம் என்று பக்கத்திலிருந்த பெண் காதருகே சொன்னாள்.

"நன்றி," என்றார் வெர்லின்.

"அருமை," என்றார் டாக்டர் பெல்லமி. "திருத்தி எழுதிக் கொண்டாங்க. நிறைய வாய்ப்பிருக்கு." பென்சில் குறிப்புகளோடு பன்னிரண்டு நகல்களையும் அவரிடம் அடுக்கிக் கொடுத்தார்கள். ஒன்பதில் முதல் வரி அடிக்கப்பட்டிருந்தது.

கோடை முழுவதும் வெர்லின் திருத்தி எழுதினார். மூன்றாம் வடிவத்தில் ஜெரேனியம் நான்கு இடங்களில் வந்தது. ஐந்தாம் வடிவத்தில் ஆர்டிஸின் முழங்கால் வலியைச் சேர்த்தார். அதைப் படித்துத் தாடிக்காரன் அழுதுவிட்டான். ஆனால் வருடத்தை எடுப்பது முடிவின் வலிமையைக் குறைத்துவிடும் என்று கருதினான்.

அக்டோபரில் லேலண்டே வந்தார். கல்லை முறைப்படித் திறந்துவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அண்ணனும் தம்பியும் ஆற்றோர உணவகத்தில் மீன் சாப்பிட உட்கார்ந்தார்கள். லேலண்ட் மிகவும் இளைத்திருந்தார். கைத்தடி வந்திருந்தது. பொரித்த மீனை உடைத்து உடைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடு," என்றார் வெர்லின். "ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காது."

"எனக்கு எறங்கல. நீ எடுத்துக்கோ." தட்டைத் தள்ளினார். "நீ என் மேல கோவமா இருக்கறதா கான்ஸ்டன்ஸ் சொன்னா."

"கோவம் இல்ல. எடத்தக் குடு."

"வெர்ன், 'கையுறை'க்கு அப்புறம் நான் முன்னூறு கவித எழுதியிருக்கேன். அதுல ஒண்ணு சொல்லு பாப்போம்."

"எனக்கென்னடா தெரியும்."

"யாருக்குமே தெரியாது." லேலண்ட் சிரித்தார். முன்பக்கத்துப் பல் ஒன்று போயிருந்தது. "நீ செத்ததுதான் நான் செஞ்ச ஒரே நல்ல காரியம்."

"நான் சாகல. நீதான் விழுந்த. நான்தான் இழுத்தேன்."

"ஞாபகம் இருக்கு. உன் மூக்கு பனியில ஒட்டிக்கிச்சு. பிச்சு எடுத்தப்போ ரத்தம் வந்துச்சு."

"அப்புறம் ஏன் மாத்தி எழுதின?"

லேலண்ட் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார். "காப்பாத்தினவன் எழுதினா ஊர் படிக்கும். பறிகொடுத்தவன் எழுதினா இன்னும் படிக்கும். காப்பாத்தப்பட்டவன் எழுதினா எவன்டா படிப்பான்?"

வெர்லின் உருளைக்கிழங்கு அப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, எல்லா வடிவங்களிலும் எழுதிப் பார்த்துவிட்டதால், மிகச் சுருக்கமாகச் சொன்னார். "லேலண்ட். அவ பக்கத்துல எனக்குப் படுக்கணும்."

லேலண்டின் கண் கலங்கியது. அவர் நடிக்கவில்லை. எங்கள் ஊரில் அவரைப் பிடிக்காதவர்கள்கூட அதை ஒத்துக்கொள்வார்கள். அவர் தம்பியின் கையைப் பிடித்தார். "நாளைக்கு மேடையிலயே சொல்லிடறேன். எல்லார் முன்னாலயும். என் தம்பி உயிரோட இருக்கான், இங்கதான் இருக்கான்னு. போதுமா?"

"போதும்," என்றார் வெர்லின்.

மறுநாள் அவர் ஆர்டிஸின் இறுதிச் சடங்குக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கல்லறைத் தோட்டத்தில் முன்னூறு நாற்காலிகள். அவருக்கு மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. வலப்பக்கத்து நாற்காலி காலி. அதில் அடுத்த நாற்காலிப் பெண்மணியின் கைப்பை இருந்தது.

டாக்டர் பெல்லமி வரவேற்றார். "மரணம் ஒரு மனுஷனுக்கு ஒரு தடவதான் வருது. ஆனா இந்த மையத்தோட ஆதரவால அது ஒவ்வொரு வருஷமும் வர முடியுது," என்றபோது நீண்ட கைதட்டல் எழுந்தது.

பிறகு லேலண்ட் எழுந்தார். கைத்தடியைச் சாய்த்து வைத்தார். கூட்டம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் ஒரு உண்மையச் சொல்லணும்," என்றார். "அம்பது வருஷமாச் சொல்லாதது. என் தம்பி சாகல."

வெர்லின் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"என் தம்பி உயிரோட இருக்கான். இங்கதான் இருக்கான். இதோ, மூணாவது வரிசையில உக்காந்திருக்கான்."

முன்னூறு பேரும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். வெர்லினுக்கு அடுத்திருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். எங்கோ ஒருவர் விம்மினார். அது பரவியது.

வெர்லின் எழுந்து நின்றார். "நான்தான்," என்றார்.

"உக்காருங்க சார்," என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "மறைக்குது."

லேலண்ட் அவரைப் பார்த்தார். நேராக, நன்றாகவே பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற இடத்தில் அண்ணனும் தம்பியும் சிறிது நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு லேலண்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டி, புத்தகத்தைத் திறந்து, 'கையுறை'யை வாசிக்கத் தொடங்கினார். அன்றைக்கு வாசித்ததுபோல் அவர் ஒருபோதும் வாசித்ததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நாங்களும் அங்கே இருந்தோம். வெர்லினோடு ஆலையில் வேலை செய்தவர்கள், ஆர்டிஸிடம் ஞாயிறு வகுப்பில் படித்தவர்கள். ஒரு எழுபது பேர் இருப்போம். நாங்கள் எங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சொன்னேன்ல," என்றார் லேலண்ட் தம்பியிடம், காரில் ஏறும்போது.

பிப்ரவரியில் லேலண்ட் இறந்தார். எங்கள் பக்கம் பிப்ரவரியில் யாரையும் புதைக்க முடியாது. மண் இரும்பாகக் கிடக்கும். பெட்டியைக் கல்லறை வாசலிலுள்ள கல் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மே மாதம் மண் இளகும்வரை அது அங்கே காத்திருந்தது. வெர்லின் வாரம் ஒருமுறை போய் அந்தக் கதவின் முன்னால் நின்றுவிட்டு வருவார். என்ன இருந்தாலும் அண்ணன்.

ஏப்ரலில் கோர்டி அவர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"உயில படிச்சாங்களாம், வெர்லின். தம்பி பக்கத்துல படுக்கணும்னு எழுதியிருக்கான்."

"என் பக்கத்துலயா?"

"உன் எடத்துல. கல்லுல பாத்தா அங்க ஆள் இருக்கு, மண்ணுல பாத்தா இல்ல. ரெண்டும் சேந்து அமைஞ்சது அதிர்ஷ்டம்னு மையத்து அம்மா சொல்றாங்க." கோர்டி தொப்பியைத் திருகினார். "குழி நான்தான் வெட்டணும். உன்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்னு தோணுச்சு. இந்தத் தடவையாவது."

இறுதிச் சடங்கன்று நுழைவாயிலில் சட்டையில் குத்தும் அட்டைகள் கொடுத்தார்கள். குடும்பம், அறிஞர், வாசகர் என்று மூன்று நிறங்கள். குடும்ப அட்டைகளை இரண்டு முன்னாள் மனைவியர் வாங்கிக்கொண்டார்கள். பட்டியலில் தம்பியின் பெயருக்கு நேரே 'மறைவு' என்று இருந்ததால், வெர்லினுக்கு வாசகர் அட்டை கிடைத்தது. வாசகர்களில் மூன்று பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆளுக்கொரு நிமிடம் பேச விட்டார்கள். மூன்றாவதாக அவருடைய அட்டை வந்தது.

வெர்லின் முன்னால் போனார். குழியில் பெட்டி இறங்கியிருந்தது. ஆர்டிஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் மண்தான். அவர் அண்ணனைத் தாண்டிப் போய், கல்லின் இடது பாதிமேல் கை வைத்துக் குனிந்தார்.

"ஆர்டிஸ்," என்றார். "தள்ளிப் படுக்காத."

நிமிடம் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவர் போய்ப் பின்வரிசையில் நின்றுகொண்டார். டாக்டர் பெல்லமி கண்களைத் திறந்து, கைக்குட்டை மறைவில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த மே மாதம் வெர்லின் ஜெரேனியத்தோடு போனபோது கல்லருகே ஒரு வெண்கலப் பலகை நட்டிருந்தது. 'ஆர்டிஸ், தள்ளிப் படுக்காதே. – லேலண்ட் ஸ்கோகன், இறுதி வரி.' பலகையின் முன்னால் சுற்றுலாக் கூட்டமொன்று நின்றது. வழிகாட்டி, பட்டறையில் ஜெரேனியம் பிடித்திருந்ததாகச் சொன்ன அதே மாணவி, விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வயசுல செத்துப்போன பையனுக்கு மனைவி இருந்திருக்க முடியாது இல்லையா? அப்போ இந்த ஆர்டிஸ் யாரு? இந்தக் கேள்விக்கு இப்பதான் பதில் கெடச்சிருக்கு. கவிஞரோட வாழ்நாள் காதலி. வெளியில சொல்ல முடியாத காதல். தான் போய்ச் சேர்ற வரைக்கும் தன் எடத்த யாருக்கும் விடாதேன்னு அவங்ககிட்டக் கேட்டுக்கறார்."

கூட்டத்தில் ஒருத்தி "ஐயோ," என்றாள்.

வெர்லின் கையை உயர்த்தினார்.

"கேள்வியெல்லாம் கடைசில, சார்," என்று மாணவி புன்னகைத்தாள்.

வெர்லின் காத்திருந்தார். விதி அவருக்குப் பழகிப்போயிருந்தது. கடைசியில் கேள்விக்கு நேரமில்லை. பேருந்து புறப்படுகிறது என்று சொல்லி, எல்லோரும் பிஸ்கட் வாங்கப் போனார்கள்.

தோட்டம் அமைதியானது. கோர்டியின் வண்டிச் சத்தம்கூட இல்லை. வெர்லின் தொட்டியை ஆர்டிஸின் பக்கம் வைத்தார். தலைமாட்டில் கல். வலப்பக்கம் அண்ணன். இடப்பக்கம் அப்பாவும் அம்மாவும். மிச்சமிருந்தது கால்மாடு. அவர் பாதையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்து, அங்கே குறுக்காகப் படுத்துப் பார்த்தார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் அண்ணன் எல்லைக்குள் போகாமல் சரியாக இருந்தது. புல் ஈரமாக, நல்ல குளிர்ச்சியாக இருந்தது. கோர்டி ஒத்துக்கொள்வானா என்று யோசித்தபடியே கண்ணை மூடினார். அப்படியே கொஞ்சம் அயர்ந்துவிட்டார்.

பேருந்தைத் தவறவிட்ட ஒரு பெண் அப்போது தனியாக வந்தாள். கல்லைப் படித்தாள். பலகையைப் படித்தாள். பிறகு கால்மாட்டில் படுத்திருந்த கிழவரைப் பார்த்தாள். வாசகர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். சத்தமில்லாமல் பையைத் திறந்து, கொண்டுவந்திருந்ததை எடுத்து, அவருடைய மார்பின்மேல் வைத்துவிட்டு நுனிக்காலில் நடந்து போனாள்.

அவள் போனபிறகு வெர்லின் கண்ணைத் திறந்தார். அதை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார்.

இடது கைதான்.